ஐந்து ஏக்கரின் பிழை: மாண்ட்கோமரி கவுன்டி வேளாண் காப்பகம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து ஏக்கர் மனையைப் பற்றி அமெரிக்க விவசாயிகளிடம் ஒரு கேலி உண்டு. புல் வெட்ட நினைத்தால் ரொம்பப் பெரிது, உழ நினைத்தால் ரொம்பச் சிறிது. நகரத்து இரைச்சலை விட்டு வெளியே போய் வீடு கட்ட ஆசைப்படும் குடும்பத்துக்கு அதே ஐந்து ஏக்கர் பெரிய கனவு. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, பக்கத்து வீட்டுச் சமையல் வாசனை எட்டாது, குதிரை ஒன்று வாங்கிக் கட்டலாம். விதி எழுதும் அதிகாரிக்கும் ஐந்து ஏக்கர் பிடிக்கும். வீடு கட்டுவதைத் தடுத்த பழியும் வராது, கிராமத்தை ஊராக்கிய பழியும் வராது.

வாஷிங்டனை ஒட்டியிருக்கும் மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுன்டி 1970-களின் முற்பகுதியில் இந்த நடுவழியைத்தான் பிடித்தது. கிராமப் பகுதியில் ஒரு வீட்டுக்குக் குறைந்தது ஐந்து ஏக்கர் என்று விதி போட்டது. நிலத்தைக் காப்பாற்றப் போட்ட அந்த விதியே நிலத்தைத் துண்டு போடும் அளவுகோலாக மாறியது. பத்தாண்டு முடிவதற்குள் அதை மாற்றி எழுதவேண்டி வந்தது. மாற்றி எழுதிய விதம் அமெரிக்காவில் இன்றும் அதிகம் பேசப்படுகிறது, திட்டமும் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. ஆனால் எதைக் கொடுத்து அது நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பாராட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

விரல்களும் இடைவெளிகளும்

கவுன்டி என்பதை ஏறத்தாழ மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்வது அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில். 1950-இல் மாண்ட்கோமரியில் சுமார் 1,64,000 பேர் இருந்தார்கள். 1970-இல் 5,22,000. இருபது ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல். தலைநகரில் அரசு வேலை பெருகப் பெருக, வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே வடக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

இது நடக்கும் என்று திட்டமிடுவோர் முன்பே கணித்திருந்தார்கள். மேரிலாந்து தேசியத் தலைநகர்ப் பூங்கா மற்றும் திட்ட ஆணையம் 1964-இல் கொண்டுவந்த பொதுத் திட்டம் கையை விரித்து வைத்தது போன்ற ஒரு படத்தை வரைந்தது. வாஷிங்டன் உள்ளங்கை. நெடுஞ்சாலைகளை ஒட்டிய பட்டைகள் விரல்கள், அங்கேதான் ஊர் வளரவேண்டும். விரல்களுக்கு நடுவே ஆப்பு வடிவில் வயலும் காடும் கிடக்கவேண்டும். ராக்வில், கெய்தர்ஸ்பர்க், ஜெர்மன்டவுன் எல்லாம் ஒரே விரலில், இன்று ஐ-270 என்று அழைக்கப்படும் சாலையோரம் வரிசையாக நிற்கும் ஊர்கள்.

படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆப்பைக் காக்க வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்தால் போதாதே. அதற்குத்தான் ஐந்து ஏக்கர் விதி வந்தது.

ஒரு நூறு ஏக்கர் பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர் விதிப்படி அதில் இருபது மனை போடலாம். இருபது மனைக்கு இருபது கிணறு, இருபது செப்டிக் டேங்க், வீட்டுக்கு வீடு ஒரு நீண்ட தனிப்பாதை, சுற்றி வேலி. விவசாயிக்கு ஓட்ட ஒரு வயல்கூட மிஞ்சாது. வாங்கியவர்கள் மனைக்கு நடுவில்தான் வீட்டை வைப்பார்கள், ஏனென்றால் அவர்கள் விலை கொடுத்தது தனிமைக்கு. பக்கத்துப் பண்ணைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தன் நிலமும் ஒருநாள் இப்படித்தான் போகும் என்று முடிவுகட்டிவிட்டால், புதுக் களஞ்சியம் கட்டமாட்டார், வடிகால் போடமாட்டார், மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவதைக்கூட நிறுத்திவிடுவார். நிலம் விற்பதற்கு முன்பே விவசாயம் அங்கே செத்துவிடுகிறது.

வீட்டைச் சுற்றிய வளையம்

சரி, வயல் போனால் போகட்டும், பறவைகளும் விலங்குகளுமாவது பிழைக்குமே, ஐந்து ஏக்கரில் ஒரே ஒரு வீடுதானே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கான ஆய்வு மேரிலாந்தில் அல்ல, கொலராடோவில் நடந்தது. நகரத்தார் மலையடிவாரத்துக்குக் குடியேறுவது அங்கே பெரிய பிரச்சினை. பிட்கின் கவுன்டியில் 2001-இல் வெளியான ஆய்வு, வீட்டுக்கு அருகிலும் தள்ளியும் என்னென்ன உயிர்கள் தென்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தது. வீட்டருகே ராபின், மேக்பை போன்ற, மனிதரோடு ஒட்டி வாழப் பழகிய பறவைகள் கூடின. கூச்ச சுபாவமுள்ள சிறு பாடும் பறவைகள் விலகிப்போயின. நாயும் பூனையும் வீட்டருகே, நரியும், ஓநாய்க்கு உறவான கயோட்டும் தூரத்தில். லாரிமர் கவுன்டியில் நடந்து 2003-இல் வெளியான இன்னொரு ஆய்வு மாட்டுப் பண்ணை, பாதுகாக்கப்பட்ட வனநிலம், பெருமனை வீடுகள் மூன்றையும் ஒப்பிட்டது. மண்ணுக்கு உரிய தாவரங்கள் மாட்டுப் பண்ணையில் நன்றாக இருந்தன. வெளியிலிருந்து வந்த களைச்செடிகள் பெருமனைகளில் மலிந்திருந்தன.

ஒவ்வொரு வீடும் தன் சுவரோடு நிற்பதில்லை. விளக்கு, நாய், பூனை, புல்வெட்டி எல்லாம் சேர்ந்து தன்னைச் சுற்றி ஒரு வளையம் போட்டுக்கொள்கிறது. இருபது வீட்டை ஒரு மூலையில் நெருக்கி வைத்தால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதே இருபது வீட்டை நூறு ஏக்கரிலும் தெளித்தால் வளையம் படாத இடமே மிஞ்சாது. ஐந்து ஏக்கர் விதியின் உண்மையான குற்றம் இந்தத் தெளிப்புதான். வீடு அதிகமா குறைவா என்று இரண்டு தரப்பும் எண்ணிக்கையிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. எந்த இடத்தில் வீடு என்பதைப் பேசினால் பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

1980: உரிமையைத் தனியே கழற்றியது

அப்போது திட்டக் குழுவின் தலைவராக இருந்தவர் ராய்ஸ் ஹான்சன். 1980 அக்டோபரில் விவசாயத்தையும் கிராமத் திறந்தவெளியையும் காப்பதற்கான செயல்திட்டம் நிறைவேறியது. கவுன்டியின் வடக்கு, மேற்கு ஓரங்களில் சுமார் 93,000 ஏக்கர் வேளாண் காப்பகம் ஆனது. கவுன்டியின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த நிலத்தில் இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடு.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 25 ஏக்கர் என்பது அடர்த்தியின் கணக்கு, மனையின் அளவு அல்ல. மனை 40,000 சதுர அடிக்குக் குறையக்கூடாது என்றுதான் விதி, அதாவது ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. நூறு ஏக்கர் பண்ணைக்காரர் நாலு வீட்டுக்கு நாலு ஏக்கரைச் சாலையோரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சம் 96 ஏக்கரையும் ஒரே துண்டாக உழலாம். வெறும் 'குறைந்தபட்ச மனை 25 ஏக்கர்' என்று போட்டிருந்தால் அதே பண்ணை நாலு பணக்காரத் தோட்டங்களாகப் போயிருக்கும்.

ஆனால் விவசாயி இதற்கு ஏன் ஒத்துக்கொள்ளவேண்டும்? நேற்றுவரை இருபது வீட்டுக்கான நிலம் இன்று நாலு வீட்டுக்கான நிலம். வங்கியில் கடனுக்கு ஈடாக வைத்திருக்கும் சொத்து அது. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் அவருடைய ஓய்வூதியமும் அதுதான். கவுன்டியே நிலத்தை விலைக்கு வாங்கவும் கையில் அவ்வளவு பணம் கிடையாது.

இதற்குக் கண்ட வழிதான் கட்டும் உரிமை மாற்றம், ஆங்கிலச் சுருக்கத்தில் டி.டி.ஆர். நிலத்திலிருந்து கட்டும் உரிமையைத் தனியாகக் கழற்றி விற்கலாம். கட்டுவதற்கு 25 ஏக்கருக்கு ஒன்றுதான் என்றாலும், விற்பதற்குப் பழைய கணக்கே, ஐந்து ஏக்கருக்கு ஒன்று. நம்முடைய நூறு ஏக்கர்க்காரருக்கு இருபது உரிமை. நாலைத் தன் நிலத்துக்கென்று வைத்துக்கொண்டு பதினாறை விற்கலாம். வாங்குவது பில்டர். அவர் அதைக் கொண்டுபோய், விரல்களில் இருக்கும், கவுன்டி குறித்துக் கொடுத்த இடத்தில், வழக்கமான அளவைவிடக் கூடுதலாக வீடு கட்டிக்கொள்வார். விற்ற உடனே பண்ணை நிலத்தின் பத்திரப் பதிவில் அந்தக் கட்டுப்பாடு நிரந்தர வில்லங்கமாக ஏறிவிடும். அடுத்த தலைமுறை வந்து அழித்து எழுத முடியாது. நிலம் விவசாயியிடமே இருக்கிறது, பணமும் கைக்கு வருகிறது, கவுன்டி ஒரு டாலரும் கொடுக்கவில்லை. இந்த வழியில் மட்டும் 50,000 ஏக்கருக்கும் மேல் இன்று கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது.

கேட்கும்போது மந்திரம் போலத்தான் இருக்கிறது. கவுன்டி கொடுக்காத டாலரை வேறு யாரோ ஒருவர் கொடுத்தாகவேண்டும் அல்லவா?

வாங்கிக்கொள்ளும் பக்கம்

கொடுத்தவர்கள் விரல்களில் வாழ்ந்தவர்கள். தங்கள் தெருவில் ஏக்கருக்கு இத்தனை வீடு என்று நம்பி வீடு வாங்கியிருந்தவர்கள், எங்கோ இருக்கும் சோளக்கொல்லையைக் காப்பதற்காகத் தங்கள் பக்கத்து மனையில் இரண்டு மடங்கு வீடு வரப்போகிறது என்று கேள்விப்பட்டார்கள். வழக்குப் போட்டார்கள். காப்பகத்தின் அடர்த்தியைக் குறைத்தது செல்லாது என்று நில உரிமையாளர்கள் தரப்பிலும் வழக்கு வந்தது. அதில் கவுன்டி தப்பித்தது. ஆனால் மேற்கு மாண்ட்கோமரி குடிமக்கள் சங்கம் தொடுத்த வழக்கில் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-இல் கவுன்டிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமை மாற்றம் என்ற யோசனையை நீதிபதிகள் தவறு என்று சொல்லவில்லை. எங்கே எவ்வளவு கூடுதல் அடர்த்தி என்பதை, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியை முறைப்படி திருத்தாமல், வளர்ச்சித் திட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டு அப்படியே நடைமுறைப்படுத்தியதுதான் தவறு என்றார்கள். கவுன்டி உடனே விதியைத் திருத்தி, வாங்கிக்கொள்ளும் இடங்களுக்கென்று தனி மண்டலங்களை உண்டாக்கித் திட்டத்தைக் காப்பாற்றியது.

நடைமுறைப் பிழைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. பொடோமாக் ஆற்றின் எதிர்க்கரையில் வர்ஜீனியாவின் லவுடன் கவுன்டி இருக்கிறது. அதே நகரம், அதே நெருக்கடி. அங்கே கவுன்டி வாரியம் 2003-இல்தான் மேற்குப் பகுதியின் அடர்த்தியைக் குறைத்தது. 2005-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், பொதுமக்களுக்குக் கொடுத்த பத்திரிகை அறிவிப்பு என்ன மாற்றம் என்பதைப் போதுமான அளவு விளக்கவில்லை! ஒரு விளம்பரம் சரியாக எழுதப்படாததால் வருடக்கணக்கான வேலை வீணானது. 1980-இல் 57,000 பேர் இருந்த லவுடனில் 2020-இல் 4,20,000 பேர். மாண்ட்கோமரி முந்திக்கொண்டது அதன் அதிர்ஷ்டம். இருபது ஆண்டு கழித்து, நிலவிலை ஏறி, ஒவ்வொரு பண்ணைக்குப் பின்னாலும் ஒரு வக்கீல் நிற்கும்போது இதையே செய்ய முயன்றிருந்தால் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் சத்தமில்லாமல் இருந்தது. கூடுதலாகக் கட்ட பில்டருக்கு வேறு வழியும் உண்டு. 1974-இலிருந்தே மாண்ட்கோமரியில் ஒரு சட்டம்: பெரிய குடியிருப்பு கட்டினால் அதில் ஒரு பங்கு வீடுகளை நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தரவேண்டும், பதிலுக்குக் கூடுதல் வீடு கட்டிக்கொள்ளலாம். நல்ல சட்டம், அந்த நாட்டிலேயே ஆரம்பகாலச் சட்டங்களில் ஒன்று. ஆனால் கூடுதல் அடர்த்தி அந்த வழியில் கிடைத்துவிட்டால், அந்த அளவுக்கு டி.டி.ஆர். வாங்கத் தேவை குறையும். இரண்டு நல்ல நோக்கங்கள் ஒரே பையிலிருந்து செலவுக்குப் பணம் எடுக்கின்றன. உரிமையை விற்கக் காத்திருக்கும் விவசாயிக்கு, விற்கும் அனுமதியைவிட வாங்க ஆள் இருப்பதுதான் முக்கியம்.

ஒரு குழி, ஒரு வாளித் தண்ணீர்

விதிப் புத்தகத்தில் இல்லாத இன்னொரு காவலும் இந்த நிலத்துக்கு இருந்தது. அதன் பெயர் மண்.

காப்பகத்துக்குள் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீடு கட்டுபவர் கிணறு வெட்டிக்கொள்ளவேண்டும், செப்டிக் டேங்க் வைத்துக்கொள்ளவேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்சவேண்டும், உறிஞ்சும் வேகத்தில் வடிகட்டவும் வேண்டும். இதைச் சோதிக்கும் முறை மிகச் சாதாரணமானது. வடிகால் வரப்போகும் இடத்தில் குழி தோண்டுவார்கள். தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்து ஊறவிடுவார்கள். மறுபடி ஊற்றிவிட்டு, ஒரு அளவுகோலையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, தண்ணீர் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் என்று பார்ப்பார்கள். ரொம்ப மெதுவாக இறங்கினால் கழிவு மேலே பொங்கும். ரொம்ப வேகமாக இறங்கினால் வடிகட்டப்படாமலேயே நிலத்தடி நீருக்குப் போய்விடும். இரண்டிலும் அனுமதி இல்லை. மேற்கு மாண்ட்கோமரியின் பல இடங்களில் மேல்மண் மெல்லியது, அடியில் பாறை. குழியில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த நிலம் உழவுக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. இந்தப் பகுதியின் நிலத்தடி நீரை வேறு மாற்று இல்லாத ஒரே குடிநீர் ஆதாரம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980-இலேயே அறிவித்துவிட்டதால் இந்தச் சோதனை சடங்காகப் போகவில்லை.

அப்புறம் மணல்மேடு வந்தது. மண் உறிஞ்சாவிட்டால் என்ன, நிலத்துக்கு மேலேயே மணலைக் கொட்டி ஒரு மேடு கட்டி, கழிவுநீரை பம்ப் வைத்து அதன் உச்சிக்கு ஏற்றி, மணல் வழியாக மெதுவாகக் கசியவிடும் தொழில்நுட்பம். சுகாதாரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்கு அனுமதி கிடைத்தால், குழிச் சோதனையில் தோற்று இத்தனை நாள் வயலாகவே கிடந்த நிலமெல்லாம் ஒரே நாளில் மனையாகிவிடும். அதனால் ஒரு மணல் குவியலைப் பற்றி அங்கே வருஷக்கணக்கில் வாதம் நடந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். அங்கே உழுது பிழைப்பவருக்கு அது 25 ஏக்கர் விதிக்குச் சமமான சண்டை.

குழாயின் கதையும் அப்படித்தான். காப்பகத்தில் நிலம் மலிவு என்பதால் பெரிய வழிபாட்டுத் தலங்களும் தனியார் நிறுவனங்களும் அங்கே இடம் வாங்கி, குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் நீட்டித்துத் தரக் கேட்டன. 2005-இல் கவுன்சில் முடியாது என்று சொன்னது. கேட்டவர்கள் மேல் விரோதம் எதுவும் இல்லை. குழாய் எதுவரை போகிறதோ அதுவரை ஊரும் போகும் என்ற பயம்தான்.

காப்பகத்தின் விளிம்பில் இன்னும் நுட்பமான ஒரு கணக்கு. கிளார்க்ஸ்பர்க் ஊர் வளர்ந்து பத்து மைல் ஓடை என்ற சிறு நீரோடையைத் தொட்டது. கவுன்டியில் மிச்சமிருந்த சுத்தமான ஓடைகளில் அது ஒன்று, அவசரகாலக் குடிநீர்த் தேக்கமான லிட்டில் செனிகா ஏரியில் போய் விழுவது. கூரை, தார்ச்சாலை, சிமென்ட் தரை என்று தண்ணீர் இறங்காத பரப்பு ஒரு நீர்ப்பிடிப்பில் பத்து சதவீதத்தை நெருங்கினாலே ஓடையின் உயிர்கள் குறையத் தொடங்கும் என்பது நீரியலாளர்கள் பல இடங்களில் கண்டது. 2014-இல் கவுன்சில் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்பில் எத்தனை வீடு என்பதோடு எத்தனை சதவீதம் நிலம் மூடப்படலாம் என்பதற்கும் உச்சவரம்பு வைத்தது.

டிராக்டரும் மானும்

25 ஏக்கருக்கு ஒன்று என்றாலும் நகரத்தார் வரத்தான் செய்தார்கள். வந்தவர்களுக்குக் காலை ஆறு மணிக்கு அறுவடை இயந்திரத்தின் சத்தம் பிடிக்கவில்லை, எரு கொட்டும் வாரத்தில் வாசனை பிடிக்கவில்லை. இதை எதிர்பார்த்து மண்டல விதியிலேயே ஒரு வரி எழுதி வைத்திருந்தார்கள். இந்த மண்டலத்தில் விவசாயமே முதன்மைப் பயன்பாடு, இயந்திரம் ஓட்டுவது உட்பட எந்த விவசாய வேலையையும் எந்த நேரத்திலும் செய்யலாம், மற்றப் பயன்பாட்டுக்கு இடைஞ்சல் என்று சொல்லி விவசாயத்தைக் கட்டுப்படுத்த முடியாது. மொத்த விதிப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்த வரி இதுதான். யார் வீட்டுக்கு யார் விருந்தாளி என்பதை அது வளைத்துப் பேசாமல் சொல்லிவிடுகிறது.

சாலைக்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒடுக்கமான, மரம் கவிந்த, சில இடங்களில் ஜல்லி மட்டுமே போட்ட பழைய சாலைகளை அகலப்படுத்தாமல் அப்படியே காக்கும் திட்டம் 1993-இல் வந்தது. பழமையின் அழகுக்காக என்று சொல்லிக்கொண்டாலும் அதில் காரியமும் இருக்கிறது. சாலை அகலமானால் காரின் வேகம் கூடும், வேகம் கூடினால் மெதுவாகப் போகும் டிராக்டருக்கு வழி இருக்காது.

விதியால் தீராத தகராறு மானுடையது. வெள்ளைவால் மான் காட்டு விளிம்பும் வயலும் தோட்டமும் கலந்த இடத்தில் கொழிக்கும். இரையாக்கும் விலங்குகள் என்றோ போய்விட்டன. சோளமும் சோயாவும் மேயப்படுகின்றன, காட்டில் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. எண்ணிக்கையைக் குறைக்க மிஞ்சியிருப்பது வேட்டைதான். மேரிலாந்து விதிப்படி, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது. ஒரு வீட்டைச் சுற்றி 150 கஜ ஆரத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள், பதினாலரை ஏக்கர் அதற்குள் வந்துவிடும். ஐந்து ஏக்கர் மனைக்காரர் தன் நிலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்பில் வேட்டையைத் தடுத்துவிடுகிறார். இருபது பெருமனை கொண்ட நூறு ஏக்கரில் மானுக்கு ஆபத்தான இடம் ஒன்றுகூட மிஞ்சாது. சாலையோரமாக நாலு வீட்டைச் சேர்த்து வைத்த பண்ணையில் தடை வட்டம் நிலத்தின் கால் பங்குக்குள் அடங்கிவிடும். மானை நேசித்து வந்து குடியேறியவரின் வீட்டுப் பூந்தோட்டத்தைத்தான் மான் முதலில் மேய்கிறது என்பது தனிக்கதை.

திட்டத்தின் மறுபக்கம்

இனி எதிர்த்தரப்பின் வாதம். அதைச் சுருக்கமாகச் சொன்னாலும் வலுவாகத்தான் இருக்கும்.

காப்பகத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட வீடுகள் எல்லாம் விரல்களுக்குள் போகவில்லை. ஒரு பகுதி காப்பகத்தையே தாண்டிக் குதித்தது. வடக்கே இருக்கும் ஃபிரெடரிக் கவுன்டியில் 1980-இல் சுமார் 1,14,000 பேர், 2020-இல் 2,71,000 பேர். எல்லாரும் காப்பகத்தால்தான் போனார்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் தினமும் காலையில் ஐ-270 சாலையில் தெற்கு நோக்கி ஊர்ந்துவரும் கார்களில் ஒரு பகுதி காப்பகத்தின் ஓரமாகத்தான் கடந்துபோகிறது. ஒரு கவுன்டி தன் எல்லைக்குள் போடும் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மிச்சம் அடுத்த கவுன்டியின் கணக்கில் ஏறிவிடுகிறது. விரல்களுக்குள் தாராளமாக அடுக்குமாடி கட்ட விட்டிருந்தால் இந்தத் தாவல் குறைந்திருக்கும். அங்கே குடியிருந்தவர்கள் விடவில்லை. காப்பகத்தைப் பாராட்டிய அதே ஆட்கள் தங்கள் தெருவின் அடுக்குமாடியை எதிர்த்ததும் உண்டு. இந்தத் திட்டத்தின் பலவீனம் என்று என்னைக் கேட்டால் காப்பகத்தில் எதையும் காட்டமாட்டேன், அந்தத் தெருக்களைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்றால் அந்த வீடு யாருக்குக் கிடைக்கும்? குதிரை வளர்க்க வசதியுள்ளவர்களுக்குத்தான். அவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள வயலைப் பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விடுவார்கள். விவசாய நிலம் என்று வரியும் குறையும், பார்க்கவும் பச்சையாக இருக்கும். குத்தகைக்காரருக்கோ அடுத்த வருஷம் உறுதியில்லை. உறுதியில்லாத நிலத்தில் மூன்று வருஷம் கழித்துக் காய்க்கும் மரத்தை யார் நடுவார்? வருஷப் பயிராகச் சோளம், சோயா என்றே ஓடிக்கொண்டிருக்கும். நிலத்தைக் காத்தாயிற்று. அதில் உழைக்க வரும் இளைஞருக்கு அதை வாங்கும் சக்தியைத் தருவது வேறு வேலை, 1980 திட்டம் அதைத் தொடவேயில்லை.

மிச்சமுள்ள நாலு

நூறு ஏக்கர்க்காரர் பதினாறு உரிமையை விற்றுவிட்டார். நிலத்துக்கென்று வைத்துக்கொண்ட அந்த நாலு? ஆரம்பத்தில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆனால் நிலவிலை ஏற ஏற, உண்மையிலேயே வீடு கட்டக்கூடிய அந்த நாலு உரிமைக்கும் விற்றுப்போன பதினாறுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்தது. அதை வெறும் டி.டி.ஆர். விலைக்கு விற்க யாரும் தயாராக இல்லை. அதனால் 2000-களின் இறுதியில் கட்டு மனை முடிப்பு என்ற தனித் திட்டம் வந்தது. குழிச் சோதனையில் தேறிய, கட்டத் தகுதியுள்ள உரிமையை மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கி ஒரேயடியாக முடித்துவைப்பது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி, ஊருக்குள் வணிகக் கட்டிடம் உயர்த்துபவர்களிடமிருந்து வருகிறது.

இதற்கு நடுவே குடும்பப் பாசமும் நுழைந்தது. 1981 தொடக்கத்திலிருந்து நிலத்தை வைத்திருக்கும் குடும்பம் தன் பிள்ளைகளுக்கு வீடு கட்ட 25 ஏக்கர் கணக்குக்கு மேலாகவும் மனை பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. பண்ணையைத் தொடரப்போகும் பிள்ளைக்காக எழுதிய விதி. பிள்ளைகளின் பெயரில் பிரித்து வெளியாருக்கு விற்கவும் அதுவே வழியாகலாம் என்று தெரிந்ததும் அதன் விதிகளை இறுக்கவேண்டி வந்தது.

கடைசியாக வந்த விருந்தாளி வீடே அல்ல. சூரியத் தகடு. பருவநிலைக்காக மின்சாரம் எடுக்கவேண்டும், தகடு பரப்பத் தட்டையான வெயில் நிலம் வேண்டும், கவுன்டியில் அப்படிப்பட்ட நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. இந்த முறை இரண்டு பக்கமும் பச்சைக் கொடியைத்தான் பிடித்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் கவுன்சில் முடிவெடுத்தது. மொத்தக் காப்பகத்திலும் 1,800 ஏக்கருக்கு மேல் தகடு வரக்கூடாது. மண்ணின் தரவரிசையில் முதல் இரண்டு வகுப்பில் வரும் நிலத்தில் கூடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விசாரித்துத்தான் அனுமதி. தகடு போட விரும்பியவர்கள் இதை அனுமதி என்ற பெயரில் வந்த தடை என்றார்கள். உழுதவர்களில் பலருக்கு 1,800 ஏக்கரே அதிகமாகப் பட்டது, ஏனென்றால் தகடு நிறுவனம் தரும் வாடகையோடு குத்தகைக்காரர் போட்டி போட முடியாது. நிலத்தின் சொந்தக்காரர் அடுத்த வருஷக் குத்தகையைப் புதுப்பிப்பாரா என்பது அந்த வாடகையைப் பொறுத்தது.